திருப்புளியாரின் தவளைப் பெட்டி

"சூடு ஆகாது அத்தான், அதை மட்டும் பாத்துக்குங்க!" என்று கார் ஜன்னலிலிருந்து கத்திவிட்டு, மைத்துனன் வெளியூர்ப் பயிற்சிக்குப் பறந்துவிட்டான். வாசலில் மிஞ்சியவை ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு தவளை, இரண்டையும் ஏந்தியபடி திருப்புளியார்.

காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவுத் தலைவரான அவருக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் சக ஊழியர்கள். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, திருகாணி முடுக்கும் திருப்புளி இருக்கும்.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

"ஆமா, சூடே ஆகலை. இப்படியே விட்டா செத்துடும்," என்றார்.

"செத்துச்சுன்னா என் தம்பி இந்த வாசப்படியை மிதிக்க மாட்டான். பெத்த புள்ள மாதிரி வளக்கறான்," என்றாள் மனைவி. "பேசாம கடையில ஒரு கண்ட்ரோலர் வாங்கிட்டு வந்துடுங்க. சூட்டை அதுவே பாத்துக்கும்."

"அதுக்குள்ள என்ன இருக்கும்னு நினைக்கிறே? ஒரு சென்சார், நாலு ஒயர். அதுக்குப் போய்க் கடைக்காரன்கிட்ட தலையைக் குடுக்கணுமா? நானே செஞ்சுடறேன்."

"காலிங் பெல்லையும் நீங்கதான் செஞ்சீங்க."

"அடிக்குதா இல்லையா?"

"அடிக்குது. யாரும் அழுத்தாமலே அடிக்குது."

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவர் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தார். சூட்டை அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட் அதற்குள் இருக்கிறதே! தவளைப் பெட்டிக்குள் சூட்டுக்காக ஒரு பல்பை மாட்டி, தெர்மோஸ்டாட்டை அதோடு சேர்த்து சுவிட்சைத் தட்டினார். 'டப்' என்றது. பல்பு எரியவில்லை, வீட்டில் எரிந்துகொண்டிருந்த விளக்குகளும் அணைந்தன. மறுநாள் அலுவலகத்துக்குக் கசங்கிய சட்டையோடு போனார்.

"இந்த தெர்மோஸ்டாட் முரட்டு ஜாதி. தவளைக்கு நாசூக்கா வேணும்," என்று ஆராய்ந்து, அடுத்து ஃப்ரிட்ஜிலிருந்து சென்சாரைப் பிடுங்கினார். ஃப்ரிட்ஜ் படுத்துவிட்டது. சூடு மூலைமுடுக்கெல்லாம் பரவட்டும் என்று மகளின் கம்ப்யூட்டரிலிருந்து விசிறியைக் கழற்றி மாட்டினார். கம்ப்யூட்டர் கொதித்து அணைந்தது. காற்று வறண்டுவிடக் கூடாதே என்று விசிறிக்கு முன்னால் ஓர் ஈரத் துண்டையும் தொங்கவிட்டார்.

"அப்பா, என் ப்ராஜெக்ட் அதுக்குள்ளதான் இருக்கு!" என்று மகள் அலறினாள்.

"இங்க ஓர் உயிர் ஊசலாடுது. உனக்கு ப்ராஜெக்ட் பெரிசா?"

இவ்வளவுக்கும் பலன், விசிறி மட்டும் விடாமல் சுற்றியது. பல்பு மருந்துக்குக்கூட எரியவில்லை. அவர் திருகாத திருகாணி இல்லை.

தவளை என்னவோ ஜோராகத்தான் இருந்தது. புழுக்களை லபக் லபக்கென்று விழுங்கியது. பெட்டியின் மூடி அதிரத் துள்ளியது.

"வெளியில தெம்பா காட்டிக்குது. உள்ளுக்குள்ள நடுங்குது, பாவம்," என்று திருப்புளியாருக்குச் சோறே இறங்கவில்லை.

"நடுங்குதோ இல்லையோ, ஃப்ரிட்ஜ் போனதுலேர்ந்து பாலை அந்தத் துண்டுகிட்டதான் வெக்கிறேன். கெடவே மாட்டேங்குது," என்றாள் மனைவி. "இதோ பாருங்க, தம்பி இன்னிக்கு வீடியோவுல கூப்பிடப் போறான். ஒண்ணு கடைக்குப் போங்க, இல்லே நீங்களும் அந்தப் பெட்டிக்குள்ள போய் உக்காந்துக்குங்க."

மானம் ஒரு பக்கம் இழுக்க, மைத்துனன் ஒரு பக்கம் இழுக்க, மைத்துனனே ஜெயித்தான்.

கடையில் இருந்த பெண், "எவ்வளவு சூடு வேணும் சார்?" என்றாள்.

"நல்லா கதகதன்னு இருக்கணும்மா," என்றார் தரையைப் பார்த்தபடி.

தன் விசிறியையும் துண்டையும் கழற்றிவிட்டு, வாங்கி வந்ததைச் செருகியதும் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. பல்பு பளிச்சென்று எரிந்தது. கூடவே திருப்புளியாரின் வயிறும்.

"முதல் நாளே இதைச் செஞ்சிருந்தா, என் இஸ்திரிப் பெட்டி இன்னும் இஸ்திரிப் பெட்டியாவே இருந்திருக்கும்," என்றாள் மனைவி. அவர் பையிலிருந்த திருப்புளியை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.

சாயங்காலம் பார்த்தால், தவளை நனைந்த காலுறை போல் துவண்டு கிடந்தது. ஒரு புழு அதன் மூக்கின் மேலேயே ஏறிப் போயிற்று. அது கண்டுகொள்ளவில்லை.

"இத்தனை நாள் குளிர்ல போட்டு வதைச்சீங்களே, அதோட வினைதான் இது! சூட்டை இன்னும் ஏத்துங்க!" என்றாள் மனைவி. அவர் ஏற்றினார். தவளை கண்ணை மூடிக்கொண்டது.

அந்நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. திரையில் மைத்துனன்.

"மன்னிச்சுடு மச்சான், தப்பு என்னுதுதான்," என்று ஆரம்பித்தார் அவர். "நானே ஒண்ணு செஞ்சு மாட்டினேன். பல்பு ஒரு நாள்கூட எரியலை. ஈரத் துண்டுல விசிறிதான் ஓடிட்டே இருந்துச்சு. இன்னிக்குத்தான் உங்கக்கா சொல்லி, கடையில நல்லதா வாங்கி..." என்றபடியே கைப்பேசியைப் பெட்டியின் பக்கம் திருப்பினார்.

திரைக்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது.

"ஐயோ, பல்பைப் பிடுங்குங்க! அது பனிமலைத் தவளை, அதுக்குச் சூடு ஆகாதுன்னு தொண்டை கிழியக் கத்திட்டுத்தானே போனேன்... அக்கா பேச்சைக் கேக்காம, நீங்க செஞ்சதையே திரும்ப மாட்டுங்க அத்தான்!"