எதிராத்து ஸ்ரீனிவாசனின் ரசனை

"டாக்டர் வந்தாச்சா? டோக்கன் எங்கே எடுக்கணும்?"

இருமுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற பெண்ணை வெங்கடசுப்ரமணியன் ஏற இறங்கப் பார்த்தார். கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் நூற்றிருபது வருஷமாக நிற்கும் வீடு. திவான் ஒருவர் வந்து காப்பி குடித்துவிட்டுப் போன கூடம். டோக்கன் கொடுத்த வழக்கம் கிடையாது.

"இங்கே டாக்டர் இல்லைம்மா. இது குடும்பம் இருக்கற வீடு."

"ஜன்னலைப் பார்த்து கிளினிக்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் நடையைக் கட்டினாள்.

ஜன்னலில் தொங்கியது வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைத் திரை. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் பத்மப்ரியா முந்தின நாள்தான் மாட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அக்ரகாரத்து ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி எதிர்வீட்டு ஜன்னல். வருகிறவர்கள் உட்காரும் கூடம் தெருவுக்கே திறந்து கிடந்தால் குடும்பத்துக்கு என்ன கௌரவம்?

எதிர்வீட்டு ஸ்ரீனிவாசன் தம் ஜன்னலிலிருந்தே குரல் கொடுத்தார். "நேத்து சாயங்காலமே எனக்கு மனசு கேக்கலை, ஓய். இந்த ஆத்தோட லட்சணத்துக்கு அது சேரவே இல்லை. கழட்டிடும்."

வெங்கடசுப்ரமணியன் கழற்றினார். தாத்தா காலத்துத் தேக்குச் சட்டத்தில் நாலு ஓட்டைகள் மிஞ்சின.

"பழைய ஆத்துக்குப் பழைய துணிதான் லட்சணம்" என்று தீர்மானித்து, சாலைக் கடைத்தெருவில் நல்ல கசவு வேஷ்டிகள் நாலு வாங்கினார். வெட்டித் தைக்க மனசு வரவில்லை. கம்பியில் அப்படியே மடித்துப் போட்டார். ஜரிகை வெயிலில் தகதகத்தது.

மறுநாள் காலை வாசலில் பேண்ட் போட்ட வடக்கத்திக்காரர்கள் ஆறு பேர். பேண்ட்டோடு கோயிலுக்குள் விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"வேஷ்டி வாடகை எவ்வளவு?" என்று ஜன்னலைக் காட்டி ஒருவர் இங்கிலீஷில் கேட்டார். இன்னொருவர் அதற்குள் பெல்ட்டைத் தளர்த்தத் தொடங்கியிருந்தார்.

"சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்" என்றார் ஸ்ரீனிவாசன். "அசல் வேஷ்டிக் கடை. கழட்டிடும்."

மூன்றாவதாக மைதீன் வந்தார். சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷமாகத் திரைச்சீலை தைக்கிறவர். சிவப்பு வெல்வெட்டில், தரையைத் தொடும்படி தைத்துப் போட்டார். கூடம் பட்டப்பகலில் இருண்டது. வெங்கடசுப்ரமணியன் முக்காலியில் இடித்துக்கொண்டார்.

"சீரியல் பார்க்க சினிமாக் கொட்டகை மாதிரி ஜோரா இருக்கே!" என்று சந்தோஷப்பட்டது மனைவி சீதாலக்ஷ்மி ஒருத்திதான். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் உயரத்தில் மாட்டிய டிவியில் தினமும் ஏழு மணிக்கு அவள் சீரியல் பார்ப்பாள். காது கொஞ்சம் மந்தம். சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

அன்று ஏழே காலுக்கு ஸ்ரீனிவாசன் நேரிலேயே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது.

"நாடகக் கம்பெனி வைக்கப் போறேரா? உம்ம கௌரவம் என் கௌரவம் இல்லியோ? கேளும். மேல்பாதி திறந்திருக்கட்டும், தேக்கு வேலைப்பாடு தெரியணும். கீழ்பாதிக்கு மட்டும் சின்னத் திரை. அதாக்கும் இந்த ஆத்துக்கு லட்சணம்!"

இப்படி ஓர் அயலார் யாருக்குக் கிடைப்பார்? வெங்கடசுப்ரமணியன் உடனே ஆள் அனுப்பினார். மைதீன் மறுபடி வந்து வெல்வெட்டைப் பாதியாக வெட்டினார்.

"அப்பா, அவா என்னைப் பார்க்க வராளா, ஜன்னலைப் பார்க்க வராளா?" என்று கேட்டாள் பத்மப்ரியா.

ஜன்னலைத்தான் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஜ்ஜி, சொஜ்ஜி முடிந்ததும் பிள்ளையின் அப்பா எழுந்து போய் ஜன்னலருகே நின்றுவிட்டார். ஆறடி உயரம். தேக்கு வேலைப்பாட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஆத்துக்கு ஏத்த திரை! எங்கே மறைக்கணும், எங்கே விடணும்னு தெரிஞ்சிருக்கு. இந்த ரசனை உள்ள குடும்பத்திலே சம்பந்தம் பண்ணிக்க எங்களுக்குப் பூரண சம்மதம். யாரோட யோசனை?"

வெங்கடசுப்ரமணியன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "பரம்பரையா வர்ற ரசனை. இந்தத் தெருவே எங்காத்தைப் பார்த்துத்தான் எதையும் செய்யும்."

சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது. இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் மாடம்மாள் எதிர்வீட்டிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சாமி, எதிர்வீட்டு சாமி சொல்லிவிட்டாரு. மணி ஏழாச்சாம், சீரியலைப் போடணுமாம். ஜன்னல்ல நிக்கிற பெரியவரையும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொன்னாரு. அவரு வீட்டு டிவி கெட்டுப்போயி இருபது நாளாச்சுல்ல!"