ஆக்டோபஸ் அடுக்கிய எலும்புகள்

என் மனைவி மேவிஸிடம் இனி ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஒழுக்கம் காரணமில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரீனோ நகரத்தில் இருக்கும் தன் தங்கை பெர்னிஸ் வீட்டுக்கு ஒரு வாரம் என்று போனவள், ஏழு வாரமாகத் திரும்பவில்லை. பெர்னிஸுக்கும் எனக்கும் ஆகாது. அதனால் நான் இங்கேயே கிடந்தேன். இந்த நெவாடா பாலைவனத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு முப்பது மைல். அதுவும் பூட்டிக் கிடக்கிறது. டப்பா பீன்ஸைச் சூடு பண்ணாமலே தின்றேன். ஒரு நாள் ரேடியோவில் வைக்கோல் விலை சொன்னவனுக்கு, “அப்படியா?” என்று பதில் சொன்னேன். அன்றைக்குப் பயம் வந்துவிட்டது.

வந்துவிடு என்று கூப்பிட வாய் வரவில்லை. முப்பத்தொன்பது வருஷமாக வராத வாய். அதனால் ஆக்டோபஸைத் தூது விட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்று எங்களுடையது. ஒரு காலத்தில் கடலடி. திமிங்கிலம் போன்ற கடல்பல்லிகளின் முதுகெலும்புகள் சாப்பாட்டுத் தட்டு அளவில் கல்லாகிக் கிடக்கும். ஒரு ராட்சச ஆக்டோபஸ் அவற்றைத் தின்றுவிட்டு, எலும்புகளை இரண்டு வரிசையாக அடுக்கி, தன் கையில் இரண்டு வரிசையாக இருக்கும் வட்ட உறிஞ்சிகளைப் படமாகப் போட்டது என்பது என் கட்சி. பேராசிரியர்கள் சிரிக்கிறார்கள். எலும்பில்லாத பிராணிக்கு எங்கே தடயம், அதன் உடம்பில் கெட்டியாக இருக்கும் அலகையாவது கொண்டு வா என்கிறார்கள். அலகும் எனக்குக் கிடைக்கவில்லை.

போன் செய்தேன்.

“மேவிஸ், ரெண்டு வரிசை எலும்பு கிடைச்சிருக்கு. சனிக்கிழமை மியூசியத்துலேருந்து வர்றாங்க. நீ வந்து ஆப்பிள் பை சுடணும்.”

“ஓஹோ. வரேன்.”

இரண்டு நாள் முதுகு ஒடிய நானே அடுக்கினேன். வெள்ளிக்கிழமை கல்லுக்குத் தூசி தட்டிக்கொண்டிருக்கும்போது குன்றேறி வந்தாள்.

“உங்க ஆக்டோபஸ் இதை எப்போ அடுக்குச்சு?”

“இருபது கோடி வருஷம் இருக்கும்.”

“போன புதன்கிழமைன்னு நினைச்சேன்.”

“ஏன்?”

“வெயில்ல கிடக்கிற கல்லு மேல்பக்கம்தானே கறுக்கும்? இங்க பாதி கல்லு வெளுத்த அடிப்பக்கத்தைக் காட்டிக்கிட்டு மல்லாந்து கிடக்கே.”

“காத்துல புரண்டிருக்கும்.”

“நாப்பது பவுண்டு கல்லு. சரி, அது ஏன் தன் படத்தையே போட்டுச்சாம்?”

“தனியா இருந்திருக்கும் மேவிஸ். அவ்வளவு பெரிய கடல். ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது.”

குனிந்து ஒரு கல்லின் தூசியை விரலால் துடைத்தாள்.

“நாளைக்கு மியூசியத்துக்காரங்ககிட்டயும் இதைச் சொல்லுங்க. காலையில நானே போன் பண்ணி வழி சொல்லிட்டேன்.”

எனக்கு வியர்த்துவிட்டது.

“அவங்களை வர வேண்டாம்னு சொல்லு. நான்தான் அடுக்கினேன். நீ இல்லாம என்னால இருக்க முடியல. வீட்டுல சத்தமே இல்ல மேவிஸ்.”

“நான் யாருக்கும் போன் பண்ணலை. இதைப் போன்லயே சொல்லியிருந்தா உங்க முதுகாவது தப்பிச்சிருக்கும்.”

தூசித் துணியைக் கீழே போட்டேன். காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

“அப்போ இனிமே போக மாட்டியே?”

“போகத்தான் வந்தேன். அங்க எனக்கும் நீங்க இல்லாம ஒரு மாதிரியாத்தான் இருக்கு. உங்க துணியெல்லாம் கார்ல ஏத்திட்டுத்தான் மேல வந்தேன். பேச ஆள்தானே வேணும்? பெர்னிஸ் வாயை மூடுறதே இல்ல.”