இரண்டு பாயிண்ட் சிவப்பு

நிறம் பார்க்கிறவர் என்று ஒரு மனித வகை உண்டு. ஜாதகம் பார்க்கிறவர், நாடி பார்க்கிறவர், பூமிக்குள் நீரோட்டம் பார்க்கிறவர் என்று நீண்டுபோகும் வரிசையில் கடைசியாக வந்து நின்றவர் இவர். உங்கள் தெருவில் கட்டாயம் ஒருவர் இருப்பார்.

கல்யாண வீட்டில் ஆல்பம் கைமாறிக்கொண்டு வருகிறது. மற்றவர்கள் யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் கழுத்தில் என்ன கிடக்கிறது, யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். இவர் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார். வெளிச்சத்தில் பிடிப்பார். கண்ணாடியைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடியும் கழற்றுவார். பிறகு, "மஜந்தா ஏறியிருக்கு" என்பார். எறும்புதான் ஏறிவிட்டதோ என்று பெண்ணின் அம்மா பதறிப்போய் எட்டிப் பார்ப்பாள்.

பிலிம் சுருள் இருந்த காலத்தில் இவர் சாதுவாகத்தான் இருந்தார். முப்பத்தாறு படம் எடுத்து, சுருளைக் கடையில் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வந்ததைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். மாமியார் பச்சையாக விழுந்திருந்தால் மாமியாரே அப்படித்தான் என்று விட்டுவிட்டார். பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்தது. நிறத்தை நாமே கூட்டலாம், குறைக்கலாம் என்று ஆயிற்று. அவ்வளவுதான், கெட்டது குடி!

திருவனந்தபுரம் கரமனையில் குடியிருந்த கோமதிநாயகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகம் ஒன்றின் வரைபடப் பிரிவில் முப்பத்தொரு வருடம் எட்டு மாதம் வேலை பார்த்து, 2003 மார்ச் மாதம் ஓய்வு பெற்றவர். மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மூன்று மெகாபிக்சல் கேமராதான் அவரைப் பிடித்தது. அவர் கேமராவைப் பிடித்தார் என்று சொல்வது பொருந்தாது.

படத்தைத் திருத்த உட்காருவதற்கு அரை மணி நேரம் முன்பே மானிட்டரைப் போட்டுவிட வேண்டும். அது சூடாகாமல் சரியான நிறம் காட்டாதாம். ஜன்னல் திரையை இழுத்து மூட வேண்டும். அறைச் சுவர் முழுவதும் சாம்பல் நிறம் அடித்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாரும் தவறிட்டாங்களா?" என்று விசாரித்தார். உட்காரும்போது இவரும் சாம்பல் நிறப் பனியன்தான் போட்டுக்கொள்வார். வேறு நிறச் சட்டை போட்டால் அதன் சாயல் ஸ்கிரீனில் விழுந்து கண்ணை ஏமாற்றிவிடுமாம்.

இது மனைவி பேச்சியம்மாளுக்குத் தெரியாது. ஆரஞ்சு நிற நைட்டியோடு காப்பி கொண்டுவந்தாள்.

"பேச்சி, அங்கயே நில்லு! உள்ள வராத, கலர் கெட்டுப்போகும்!"

"இது நல்லாருக்கே. காப்பிய வாசப்படியில வச்சிட்டு தள்ளி நிக்கணுமோ? எனக்கு என்ன தீட்டா?"

"அஞ்சு நிமிஷம்."

"நீங்க அஞ்சு நிமிஷம்னு சொல்லி உள்ள போனது காலையில ஒம்பது மணிக்கு."

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

மகள் அனுஷாவுக்கு டெக்னோபார்க்கில் வேலை. 2005 ஜூன் முதல் வாரம் நாகர்கோவிலிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் செல்வகணேஷ், மஸ்கட்டில் இருக்கிறான். விடுமுறைக்கு வந்திருக்கிறான். ஜூலை இரண்டாம் தேதி சனிக்கிழமை திரும்பிப் போகிறான். ஜாதகம் பொருந்திவிட்டது. பையனின் தகப்பனார் வன்னியபெருமாள் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "பொண்ணு படம் ஒண்ணு அனுப்பிருங்க. கம்ப்யூட்டர்ல வேண்டாம், எங்க வீட்ல அவளுக்குக் கையில வச்சிப் பாக்கணுமாம். படம் பாத்துட்டு நேர்ல வாறோம்."

பையனின் படம் அதற்கு முன்பே தபாலில் வந்திருந்தது. கோமதிநாயகம் அதை வாசலுக்குக் கொண்டுபோய் இரண்டு நிமிடம் பார்த்தார்.

"பையன் எப்படிங்க?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"நீலம் கூடுதல். குளத்துல இருந்து இப்பத்தான் எடுத்துப் போட்ட மாதிரி இருக்கான்."

"நான் பையனக் கேட்டேன்."

"நானும் அவனத்தான் சொல்றேன்."

அந்தப் படம் மேசைமேல் இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் காணவில்லை. அனுஷாவின் கைப்பைக்குள் அது இருந்ததைப் பேச்சியம்மாள் ஒரு தடவை பார்த்தாள், பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். கோமதிநாயகத்துக்கு இதெல்லாம் தெரியவா போகிறது? படத்தில் நீலம் எத்தனை பாயிண்ட் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அனுஷாவை மொட்டை மாடியில் நிறுத்திப் படம் எடுத்தார். அவள் கட்டியிருந்தது மயில்கழுத்துப் பட்டு. இப்படித் திரும்பினால் நீலம், அப்படித் திரும்பினால் பச்சை. நெய்தவரே இதுதான் என்று அடித்துச் சொல்லாத நிறத்தை இவர் ஒரு வாரம் முழுக்கத் தேடினார். சேலையை நாற்காலியில் விரித்துப்போட்டு, ஸ்கிரீனையும் அதையும் மாறி மாறிப் பார்த்துப் பிடரி சுளுக்கிக்கொண்டது. பன்னிரண்டாம் தேதி அரக்குச் சேலை கட்டச் சொல்லி மறுபடியும் எடுத்தார். அதற்குள் மழைக்காலம் பிடித்துக்கொண்டது.

இந்தப் படம் ஸ்கிரீனில் அச்சு அசல் அனுஷா. மாநிறம், மாநிறமாகவே இருந்தது. சி.டி.யில் போட்டு எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறினார். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்ரீகண்டன் என்பவர் ஒரு கலர் லேப் வைத்திருந்தார். கண்ணாடி அறைக்குள் மெஷின். வாடிக்கையாளருக்கு வெளியே பெஞ்சு. ஒரு மணி நேரம் கழித்துப் பிரிண்ட் வந்தது.

முகத்தில் சிவப்பு தூக்கலாக இருந்தது.

ஏன் என்று உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீகண்டனின் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வரனுக்கு அனுப்புகிற பெண்ணின் படம் என்று தெரிந்தால், யாரும் கேட்காமலேயே இரண்டு பாயிண்ட் சிவப்புக் கூட்டிவிடுவார். முகத்துக்கு ஒரு களை வருமாம். அது அவருடைய மொய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எப்படி சாரே? மோளு நல்ல ஐஸ்வரியமாட்டு இருக்கா, கேட்டோ!"

"நல்லாருக்கு ஸ்ரீகண்டன், நல்லாருக்கு" என்றார் கோமதிநாயகம். உங்கள் மெஷினில் சிவப்பு ஏறுகிறது என்று ஒரு தொழில்காரரின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? மரியாதைப்பட்ட மனிதர். வீட்டுக்கு வந்து, ஃபைலில் இரண்டு பாயிண்ட் சிவப்பைக் குறைத்துக்கொண்டு மறுநாள் போனார்.

கண்ணாடி அறைக்குள் ஸ்ரீகண்டன் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தார். ஐயோ பாவம், சாருக்குக் கைதவறி முகம் வெளிறிவிட்டதே! ஆனால் நிறத்தில் இத்தனை ஞானமுள்ள மனிதரிடம் உங்கள் படத்தில் சிவப்புக் குறைகிறது என்று எப்படிச் சொல்வது? அவரும் மரியாதைப்பட்ட மனிதர். குறைந்திருந்த இரண்டைச் சத்தமில்லாமல் கூட்டி, வழக்கமான இரண்டையும் சேர்த்து நான்காகப் போட்டுக் கொடுத்தார்.

பிரிண்ட் சிவப்பாக வந்தது. இவர் ஐந்து குறைத்தார்; அவர் ஏழு கூட்டினார். இவர் ஒன்பது குறைத்தார். அவர் பதினொன்று கூட்டினார். இருவரும் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே கும்பிட்டுப் பிரிந்தார்கள். ஒருவருக்கொருவர் மனம் நோகக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்ட இரண்டு பேரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஜூன் பதினான்கிலிருந்து இருபத்தொன்பது வரை ஒன்பது பிரிண்ட்.

இன்னொன்று: பிரிண்டைச் சூரிய வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், அதுவும் பத்தே முக்காலிலிருந்து பதினொன்றேகாலுக்குள். திருவனந்தபுரத்தில் ஜூன் மாதம் அந்த நேரத்துக்கு யார் வெயிலைக் கொண்டுவந்து கொடுப்பது? கையில் பிரிண்டோடு, தலைக்குமேல் குடையோடு, வானத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றார். மேகம் விலகாத நாளெல்லாம் கடைக்குப் போகாத நாள்.

நாகர்கோவிலிலிருந்து இரண்டாவது முறை தொலைபேசி வந்த அன்று பேச்சியம்மாள் அறைக்குள்ளேயே வந்துவிட்டாள், அதே ஆரஞ்சு நைட்டியோடு.

"அவங்க என்ன நினைப்பாங்க? பொண்ணுக்கு ஏதோ குறை, அதான் படத்தக் காட்ட மாட்டேங்கான்னு நினைக்க மாட்டாங்களா?"

"தப்பான கலர்ல அனுப்பி, நாளைக்கி நேர்ல பாக்கும்போது ஏமாத்திட்டோம்னு ஒரு வார்த்த வந்தா?"

"மொகம் கொஞ்சம் செவப்பா இருந்ததுக்கு எந்த ஊர்லயும் சம்மந்தம் முறியலீங்க. படம் போய்ச் சேராததுக்குத்தான் முறியும்!"

அனுஷா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. சீக்கிரம் அனுப்புங்கள் அப்பா என்று எந்தப் பெண் வாய்திறந்து சொல்வாள்? இருபத்தொன்பதாம் தேதி, அப்பா மேசைமேல் ஒன்பது பிரிண்டையும் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தபோதுதான் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மூணாவது கொஞ்சம் தேவல, பாத்தியா மக்கா?" என்றார். "ஆறாவதுல நெத்திப்பக்கம் மட்டும் தணிஞ்சிருக்கு. ஒம்பதாவது மறுபடியும் மோசம்."

அனுஷா பார்த்தாள். சீட்டுக்கட்டைப்போல் ஒன்பதையும் வாரியெடுத்துக் கலைத்து, மறுபடியும் பரப்பினாள்.

"இப்ப மூணாவது எதுப்பா?"

கோமதிநாயகம் ஒன்றை எடுத்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். ஒன்பதும் ஒன்றுபோலவே இருந்தன.

"ஒம்பது தடவ ஒம்பது விதமா மாத்திக் கொண்டு போயிருக்கீங்க. ஒரே மாதிரி எப்பிடிப்பா வரும்?"

மறுநாள் வியாழக்கிழமை. அனுஷா அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஒன்பது பிரிண்ட் அடங்கிய பையோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு, மழையில் நனைந்தபடி கடைக்கு வந்தாள். மணி நான்கு. ஐந்து மணிக்கு அடுத்த கடையிலிருந்து நாகர்கோவில் கூரியர் போய்விடும்.

"சேட்டா, நீங்க ஃபைல்ல ஏதாவது தொடுறீங்களா?"

ஸ்ரீகண்டன் கோமதிநாயகத்தைப் பார்த்தார். கோமதிநாயகம் கூரையைப் பார்த்தார்.

"அது... சாரோட படத்தில சொல்பம் சிவப்பு குறவாட்டு வரும், மோளே. நான் கூட்டிக் கொடுக்கும். சாருக்கு மனசு விஷமம் ஆகண்டான்னு சொல்லல்லே."

"நீங்க ஏம்ப்பா குறைக்கீங்க?"

"அவரு மெஷின்ல ஏறுதே! சொன்னா சங்கடப்படுவாருன்னு..."

பதினாறு நாளும் ஒன்பது பிரிண்டும் எங்கே போயின என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அனுஷா பையிலிருந்து முதல் சி.டி.யை எடுத்து நீட்டினாள். "முதல் நாள் கொண்டுவந்த ஃபைல். யாரும் தொடக் கூடாது. அப்படியே போடுங்க" என்றாள்.

பிரிண்ட் வந்தது. மாநிறம், கூடாமல் குறையாமல். கோமதிநாயகம் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"வெயில்ல பாக்கணும்" என்றார் கோமதிநாயகம். "நாளைக்கி மழ விட்டா..."

"அப்பா, அவங்க சனிக்கிழமை போறாங்க!"

சொன்ன பிறகுதான் அனுஷாவுக்கே தன் குரல் கேட்டது. கடையிலிருந்த நான்கு பேருக்கும் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோமதிநாயகம் மகளைப் பார்த்தார். நிறம் பார்க்கிறவர் வேறு எப்படிப் பார்ப்பார்? பிரிண்டை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஸ்ரீகண்டன், இதுல சிவப்பு குறையுதே. ரெண்டு பாயிண்ட் கூட்டுங்க."

ஸ்ரீகண்டன் மெதுவாகச் சொன்னார்: "சாரே, அதல்லே நான் ஒம்பது தடவ தந்தது?"

கோமதிநாயகம் இன்னொரு தடவை பார்த்தார், இந்தத் தடவை பிரிண்டை இறக்கிவிட்டு. மூன்று வாரமாக ஸ்கிரீனில் தேடிக்கொண்டிருந்த முகம் எதிரே நின்றுகொண்டிருந்தது. அது எதற்காகச் சிவந்திருக்கிறது என்று புரிய அவருக்கு அரை நிமிடம் பிடித்தது. அவர் மனைவிக்கு அரை நொடி போதுமாயிருந்திருக்கும். அனுஷா பைக்குள் கையை விட்டு, ஒன்பதில் ஏதோ ஒன்றை, எது என்றுகூடப் பார்க்காமல் எடுத்துக் கவரில் போட்டாள். விலாசத்தை அவர்தான் எழுதிக் கொடுத்தார். கூரியர்க்காரர் அதை வாங்கும்போது மணி நான்கு ஐம்பத்திரண்டு.

மஸ்கட்டுக்குப் போகிற விமானம் திருவனந்தபுரத்திலிருந்துதானே? சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, விமான நிலையத்துக்குப் போகிற வழியில், பெட்டிகளோடு வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். நாற்பது நிமிடம். வன்னியபெருமாள் வாசலில் நின்று, "தை மாசம் வச்சிக்கிடலாமா?" என்று கேட்டார். மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. கோமதிநாயகம் அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பத்தே முக்காலுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி. போன மாதம் உங்கள் கைக்கு வந்த கல்யாண ஆல்பத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முகூர்த்தச் சேலையின் நிறம் படத்தில் சரியாக விழவில்லை, அப்படித்தானே? சரி. பெண்ணின் பெயர் என்ன?