டப்புக் காக்காவின் சிவப்புக் கார்

கல்முனையில் டப்புக் காக்கா மூடிப் பார்க்காத கதவு ஒன்றே ஒன்றுதான். அது பொலிஸ் ஸ்டேசனில் கைதிகளை அடைக்கும் கூட்டுக் கதவு. அதையும் விடக்கூடாது என்று ஒருநாள் போனவரை, "உள்ளுக்கு நிண்டு மூடப்போறீரா, வெளிய நிண்டா?" என்று சார்ஜன்ட் கேட்டதால் பேசாமல் திரும்பி வந்துவிட்டார்.

ஐம்பதுகளில் நான் அங்கே ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அக்கரைப்பற்றிலிருந்து போனவன் என்பதால் வாடகை அறை. அறைக்கு ஒட்டினாற்போல் டப்புக் காக்காவின் பட்டறை. எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். லொறிகளுக்கும் பஸ்களுக்கும் சீட்டுத் தைத்துக் குஷன் அடிப்பது அவர் தொழில். கதவுகளை மூடிப் பார்ப்பது அவர் நோய்.

"இந்தத் துனியாவுல ரெண்டே ரெண்டு கதவுதான் தம்பி. டப் எண்டு மூடுறது ஒண்டு, டங் எண்டு மூடுறது ஒண்டு. டப் எண்டா அதச் செஞ்சவன் மனிசன். டங் எண்டா கூலிக்கு மாரடிச்சவன்."

அவர் முதன்முதலாக என் அறைக்கு வந்தபோது சலாம் சொல்வதற்கு முன்பே கதவை மூடிப் பார்த்தார். டங். அந்தக் கதவை நான்தான் செய்தேன் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். தபால் கந்தோர்க் கதவு டங். கூட்டுறவுக் கடை அலுமாரி டங். மையித்தை அடக்கத்துக்கு எடுத்துச் செல்லும் பள்ளிவாசல் சந்தூக்குப் பெட்டியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதன் மூடியைப் போட்டுப் பார்த்து, "டப். கடைசிப் பயணத்துக்குக் குறையில்ல" என்று மிகவும் தெம்பாக வீடு திரும்பினார்.

இந்த நோய் அவருடைய கலியாணத்தில் கை வைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணோடு வீடும் சேர்ந்து வரும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருக்க வேண்டும். பெண் பேசும் பேச்சுக்கால் என்று போன ஏழு வீடுகளிலும் மனிதர் எழுந்து வாசல் கதவை மூடிப் பார்த்தார். ஏழும் டங். ஏழையும் வேண்டாம் என்றார். வயது முப்பத்தெட்டு.

"பொண்ண வேணாம் எண்டு சொல்ல ஒரு ஞாயம் வேணாமா காக்கா?" என்று நான் எரிச்சலோடு கேட்டேன்.

"பொண்ண நமக்குக் காட்ட மாட்டாங்க. கதவத்தானே காட்டுறாங்க? காட்டினதத்தானே நான் பார்க்க ஏலும்?"



இப்படி இருக்கையில்தான் அந்தக் கார் வந்து சேர்ந்தது. அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது காக்காவுக்கு மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டே இரண்டு சீட்டு, இரண்டு கதவு, மேலே கன்வஸ் கூரை, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. தாழ்வென்றால் அப்படியொரு தாழ்வு. உள்ளே உட்கார்ந்தால் எதிரே வரும் மாட்டின் முழங்கால்தான் தெரியும். சாய்ந்தமருது மீன் சந்தையில் ஒரே நாளில் அதற்கு 'நெத்தலிக் கார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

காக்கா அதன் கதவை மூடினார். டங். உள்ளே ஏறினார். பப்படம் போல ஒரு சீட்டு. கால் வைக்கிற இடத்தில் வெறும் தகரம். கண்ணாடி நடுங்குகிற நடுக்கத்தில் நமக்கே குளிர்க் காய்ச்சல் வந்துவிடும்.

"பார்த்தீங்களா தம்பி, ஓடுறதுக்குச் செஞ்சிரிக்கான். இரிக்கிறதுக்குச் செய்யல்ல" என்று சொல்லிச் சேர்ட்டைக் கழற்றினார்.

இரண்டு மாதம் அவரைக் காரை விட்டுப் பிரிக்க முடியவில்லை. சீட்டில் கீழே தும்பு, மேலே இலவம் பஞ்சு. தகரத்தை மூடப் பன் புல்லில் பின்னிய பாய். கண்ணாடியின் நடுக்கம் தீர சைக்கிள் டியூப். சீட்டுக்குத் துணி மருதமுனையில் நெய்யக் கொடுத்தார். அங்கே நெசவாளிக்கு வாயைத் திறந்து விவரம் சொல்லவில்லை போலும். அந்த மனிதர் தமக்குக் கைவந்த, இடுப்பில் உடுத்தும் கட்டம்போட்ட சாரத்தை நெய்து, மூட்டியும் கொடுத்துவிட்டார். காக்கா அசரவில்லை. இரண்டு சீட்டுக்கும் சாரம் உடுத்திவிட்டார்.

அறுபது மைல் வேகத்தில் பறக்கப் பிறந்த காரை அவர் பதினைந்துக்கு மேல் விட்டதேயில்லை. உள்ளே எங்காவது ஒரு ஆணி சத்தம் போட்டுவிடுமாம். வரிப்பத்தான்சேனையிலிருந்து நெல் ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரர் எங்களை முந்திக்கொண்டு போகும்போது, "என்ன காக்கா, தள்ளி விடணுமா?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது. கதவு மட்டும் டங்.

எட்டாவது பேச்சுக்கால் ஒரு போடியார் வீட்டில். ஏக்கர் கணக்கில் வயல் உள்ளவர், கோபக்காரர். நானும் கூடப் போயிருந்தேன். வழக்கம்போல் காக்கா எழுந்து வாசல் கதவை மூடினார்.

டப்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! திறந்தார், மூடினார். டப். மறுபடியும் டப். குனிந்து நிலையைத் தடவினார். நிலை நெடுக, பன் புல்லைத் துணியில் சுற்றி ஒட்டியிருந்தது.

"இத ஆரு செஞ்ச?"

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "நான்தான். வாப்பா கோவத்துல கதவ அடிக்கிற சத்தத்துக்கு வீடே அதிருது. பன்ன மட்டும் ஒட்டினாப் போதாது, கிழமைக்கு ஒருக்கா கீலுக்குத் தேங்காண்ணெ விடணும்."

டப்புக் காக்கா அப்படியே கதவோடு சாய்ந்துவிட்டார். ஆனால் போடியார் சாயவில்லை.

"நெத்தலி ஒண்ட வெச்சிக்கிட்டுத் திரியிறவனுக்கா எண்ட புள்ள? எழும்பிப் போங்கடா!"

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. பன் புல்லை எடுத்தார், துணியைச் சுற்றினார், கார்க் கதவின் விளிம்பில் ஒட்டினார், கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். டப்! அந்த மாலை முழுவதும் டப் டப் என்றே கழிந்தது. சந்தோசத்தில் மூடுகிறாரா துக்கத்தில் மூடுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

போடியாரின் கோபத்துக்குக் காரணம் ஒன்று உண்டு. அவருக்கு மூலவியாதி. மட்டக்களப்புக் கோட்டில் நீதிபதி முன்னால் அவருக்கு ஒரு வயல் வழக்கு நடந்தது. இரண்டு தவணைக்கும் பஸ்ஸின் பலகை சீட்டில் இருக்க முடியாமல் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டார். மூன்றாம் தவணைக்கும் போகாவிட்டால் வயல் கைவிட்டுப் போய்விடும். எதிர்க்கட்சிக்காரன் வயலை நம்பவில்லை, மூலத்தைத்தான் நம்பியிருந்தான்.

"அந்த நெத்தலிக் காரக் கேட்டுப் பாருங்க வாப்பா" என்று மகள்தான் சொன்னாளாம்.

தவணை நாளன்று விடியச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் போடியார் பட்டறை வாசலில் வந்து நின்றார். "'அல்லாஹ்வே' எண்டு ஒருக்காவும் நான் கத்தாம மட்டக்களப்புக்குக் கொண்டு சேர்த்துப்போடு. மறுகா கலியாணத்தக் கதைப்பம். ஒருக்காக் கத்தினாலும் எண்ட வாசலுக்கு வரப்படாது."

"ஓம் போடியார்" என்றார் காக்கா.

சாட்சிக்கு நான். இரண்டு சீட்டுக் காரில் சாட்சிக்கு ஏது இடம்? பின்னால் பெட்டி வைக்கும் இடுக்கில் என்னை மடித்து வைத்தார்கள். அன்று அந்தக் காரில் 'அல்லாஹ்வே' என்று கத்த நியாயமுள்ள ஒரே ஆள் நான்தான்.

போடியார் உடுத்திருந்ததும் அதே மருதமுனைச் சாரம், அதே கட்டம். ஏறி உட்கார்ந்ததும் சீட்டு எது, போடியார் எது என்று தெரியவில்லை. தொப்பியும் சேர்ட்டும் மட்டும் தனியாகப் பயணம் போவதுபோல் இருந்தது. கல்லாற்றில் ஒரு மீன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அவருக்குக் கால் எங்க?" என்று கேட்டார்.

களுவாஞ்சிக்குடி தாண்டியது. குழிகளெல்லாம் வந்தன, போயின. போடியார் வாயே திறக்கவில்லை. கல்லடிப் பாலம் வந்தது. அதில் வண்டி ஏறினால் பல் ஆடும். காக்கா பிஸ்மி சொல்லிக் காரை ஏற்றினார். நடுப் பாலத்தில் ஒரு குலுக்கல். போடியார் கண்ணை இறுக மூடினார். வாயைத் திறந்தார்.

"அல்—"

காக்கா ரோட்டை மறந்து போடியாரின் வாயைப் பார்த்தார். நான் இடுக்கிலிருந்து தலையை நீட்டினேன்.

"—ஹம்துலில்லாஹ்!" என்று முடித்தார் போடியார். "டேய், இது சீட்டா சுவர்க்கமாடா?"

கோட்டுக்குப் போனால் அங்கே உட்கார வெறும் பலகை வாங்கு! போடியார் அதைப் பார்த்தார், காரைத் திரும்பிப் பார்த்தார். காக்காவுக்கு வேறு சொல்ல வேண்டியதில்லை. நாலு ஆணியைக் கழற்றி, சாரம் உடுத்திய சீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு கோட்டுக்குள் போனார். எதிர்க்கட்சிக்காரனின் வாய் திறந்தபடி நின்றது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"இதென்ன?"

"சீட்டு ஐயா. சத்தம் போடாது" என்றார் காக்கா.

"அப்படியென்றால் உம்மை விட மேல். அவரை அதில் இருக்கச் சொல்லும்" என்றார் நீதிபதி.

போடியார் மத்தியானம் வரை ராசா மாதிரி இருந்து சாட்சி சொன்னார். வயல் அவருக்கே என்று தீர்ப்பாயிற்று. ஊர் திரும்பி இறங்கியபோது கார்க் கதவைத் தன் கையாலேயே மூடினார். டப். நின்று காது கொடுத்தார்.

"இது எண்ட வீட்டுக் கதவுச் சத்தமல்லவா?"

"ஓம் போடியார். ஒங்கட மகள்ட வேல. நான் பார்த்துச் செஞ்சன்."

போடியார் கதவை இன்னொரு தடவை மூடிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை காவின் எழுதிக் கலியாணத்த முடிப்பம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காவின் எழுதியபோதுதான் டப்புக் காக்காவுக்கும் ஒரு பெயர் உண்டென்று ஊருக்குத் தெரிந்தது. அது என்ன பெயரென்று இப்போது என்னைக் கேட்காதீர்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தில் சிவப்புக் கார் முன்னால் போனது, மாட்டு வண்டிகளெல்லாம் பொறுமையாகப் பின்னால் வந்தன. போடியார் வீட்டு வாசலில் பெண்ணின் சகோதரர் மச்சான் முறைக்கு மாப்பிள்ளையின் காலைக் கழுவிவிட்டார். மாப்பிள்ளை உள்ளே போனார். மீன் சந்தைக்காரர்களும் நெசவாளியும் அந்த ஏழு டங் வீட்டுக்காரர்களும் தெருவில் நின்று பேச்சை நிறுத்தினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

டப்.

தெருவே ஆர்ப்பரித்தது. அந்த மனிதருக்கு ஒரு கதவு ஒழுங்காக மூடவேண்டுமே என்று எத்தனை நாளாக நான் உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தேன் என்பது, கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் எனக்கே தெரிந்தது.