ஹார்ட் டிஸ்குகளுக்குப் பெரட்டு எடுத்தவர்

இந்த மலைநாட்டில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஹார்ட் டிஸ்குகளை நம்பர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வரத் தாமதமானால் முகம் சுளிக்கிற கிறுக்கர் உலகத்திலேயே ஒருவர்தான். ஹட்டனில் அவரோடு ஒரே ஆபீஸ் அறையில் ஆறு வருடம் குப்பை கொட்டினேன்.

தேயிலைத் தொழிற்சாலைகளின் கொழுந்து நிறுவை எல்லாம் வந்து சேரும் லினக்ஸ் சேர்வர் எங்கள் பொறுப்பில் இருந்தது. தோட்டத்தில் காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டைப் போல, இவரும் தினம் எட்டு மணிக்குக் கம்பளித் தொப்பியும் நம்பர் எழுதிய கொப்பியுமாகச் சேர்வர் முன்னால் நிற்பார். அவர் டிஸ்கின் நம்பரைக் கூப்பிட, நான் திரையைப் பார்த்து அதற்குப் பதிலாகக் குரல் கொடுக்க வேண்டும்.

"ஏழு எட்டு நாலு!"

"இருக்கேங்க!"

"சத்தமா சொல்லு தங்கச்சி. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறவங்க இப்பிடியா பதில் சொல்லுவாங்க?"

அப்படித்தான் அவர் பெரட்டு அண்ணன் ஆனார். வீட்டில் வைத்த பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

லினக்ஸ் திடீரென்று செத்து விழுந்தால், ஓரமாகத் தயாராய் இருக்கும் ஒரு குட்டி லினக்ஸ் எழுந்து, செத்ததின் ஞாபகத்தை அப்படியே ஒரு டிஸ்கில் எழுதி வைக்கும். அதைப் படித்தால் எதனால் செத்தது என்று தெரியும். ஆனால் எந்த டிஸ்க் என்கிற விலாசத்தை முன்கூட்டியே குட்டிக்குச் சொல்லியிருக்க வேண்டும். டிஸ்கை மாற்றிவிட்டுச் சொல்லாமல் விட்டால் அது பழைய விலாசத்தைத் தேடிப் போய் ஏமாந்து நிற்கும். அதற்குத்தான் இந்தப் பெரட்டு.

மனிதர்களுக்கும் அதே கொப்பிதான். நான் வாடகை அறை மாறிய அன்று, பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, போன் வந்துவிட்டது.

"புது விலாசம் சொல்லு. ஒனக்கு ஏதாச்சும்னா நான் எங்க வந்து நிக்கிறது?"

"எனக்கு என்னா ஆகப்போகுதுங்க அண்ணே?"

"சேர்வரும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கு."

ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு மூன்று நாள் பொகவந்தலாவைக்குப் போனார். அந்த நேரம் பார்த்து ஒரு டிஸ்க் முனக ஆரம்பித்தது. நான் கெட்டிக்காரி அல்லவா, புதியதைப் போட்டேன். பெரட்டு மட்டும் எடுக்கவில்லை. மறுநாள் சேர்வர் விழுந்தது. ஞாபகம் எழுத வேண்டிய இடம் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது.

கொழும்பு ஹெட் ஆபீசிலிருந்து பெரிய தொர போனில் கத்தினார். இன்னொரு தரம் காரணம் தெரியாமல் விழுந்தால் சேர்வர் கொழும்புக்குப் போய்விடும், நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். அண்ணன் நெற்றியில் விபூதியோடு வந்து சேர்ந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். தொர இன்னும் கத்திக்கொண்டிருந்த போனை அவர் வாங்கினார்.

"டிஸ்க மாத்துனப்போ பாக்காம விட்டது நான்தாங்க சேர்."

வைத்துவிட்டு என்னிடம், "அது கடைசியா சொல்ல வந்திருக்கு தங்கச்சி. நாமதான் வீடு மாறிட்டோம்" என்றார். எனக்கு இன்னும் அழுகை வந்தது.

அன்றே ஒரு சின்னப் புரோகிராம் எழுத உட்கார்ந்தார். டிஸ்க் வந்தாலும் போனாலும் சேர்வர் தானே கவனித்து, குட்டிக்குப் புது விலாசத்தைச் சொல்லிவிடும். சோதிப்பதற்காக அடுத்த நாள் முழுக்க ஒரு டிஸ்கைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் விலாசம் மாறியதும் கைதட்டினார்.

ஐந்தாம் நாள் சேர்வர் மறுபடி விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். ஞாபகம் முழுசாக, புது டிஸ்கில்! படித்துப் பார்த்ததில் குற்றவாளி ஒரு நெட்வொர்க் கார்டு. முந்தின மாதம் அண்ணனே தேடிப் பிடித்து, "தங்கமான சாமான்" என்று பூட்டியது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சாகுறப்பகூட என்னையக் காட்டிக் குடுத்துட்டுத்தான் போயிருக்கு, நன்றி கெட்டது!"

கார்டைக் கழற்றினோம். சேர்வர் ஹட்டனிலேயே நின்றது, நாங்களும் நின்றோம்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் நான் நானுஓயாவுக்கு வீடு மாறினேன். லொறியிலிருந்து சாமான் இறக்கும் முன்னே அவருக்குத்தான் போன் எடுத்தேன். எனக்கு ஏதாவது என்றால் ஓடி வரப்போகிற மனிதர், பழைய வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது.