பவளம் தேடப் போய் மாப்பிள்ளை விசாரித்தேன்

மும்பையில், கணுக்கால் அளவுத் தண்ணீரில், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. (தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பார்த்த இடமெல்லாம் ஏதோ ஒன்று உயிரோடு இருந்தது.) சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போன இடத்தில், கடல் வற்றும் நேரம் பார்த்துப் பாறைகளைச் சுற்றிக்காட்டும் ஒரு குழுவோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஹாரன் சத்தம், அடுக்குமாடிகள், சாக்கடை வாய். முன்னால், பாறைக் குழிக்குள், உள்ளங்கை அகலத்துக்கு உயிருள்ள பவளம்! இத்தனை நெரிசலான தீவில் இது எப்படிப் பிழைத்திருக்கிறது என்று நான் வியந்து முடிப்பதற்குள், கூட்டிவந்த பெண் பக்கத்துக் குழியைக் காட்டினார். அங்கே வெறும் தழும்பு. யாரோ பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்களாம். மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு விற்கிறார்களாம். சட்டப்படி குற்றம்தான், ஆனால் யார் பிடிப்பது என்றார்.

நான்தான் என்று அந்த நொடியே முடிவாகிவிட்டது.

நான் வசிக்கும் பெங்களூரில் கடல் கிடையாது. ஆனால் கடலை ஹாலில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். ஆகவே திருட்டுப் பவளம் இங்கேதான் வந்தாக வேண்டும். இங்கே என்றால், ஒக்கலிபுரத்தில் எங்கள் அடுத்த தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் மீன் தொட்டிக் கடைக்கு. (என் துப்பறிதலில் தூரம் முக்கியம். நடந்து போகிற தூரத்தில் இருப்பவரே குற்றவாளி.) கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். முன்தொட்டியில் பச்சையாக, மடிப்பு மடிப்பாகப் பவளம். கல்லாவில் தினேஷ் என்ற இளைஞன். ரொம்ப நல்லவன் மாதிரி முகம். எனக்கு அதுவே போதுமான ஆதாரமாக இருந்தது.

நேராகக் கேட்டால் ஒளித்துவிடுவான். அக்கம்பக்கத்தில் விசாரிப்போம் என்று எதிரே இருந்த இஸ்திரி வண்டிக்குப் போனேன்.

"அக்கா, எதிர்க்கடைக்காரரு எப்படி?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தினேஷா? தங்கமான புள்ள. சிகரெட்டு, தண்ணி, ஒண்ணும் கெடையாது."

நான் பழக்கவழக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "கடைக்கு வெளியூர்லருந்து யாராச்சும் வந்து போறாங்களா?"

"சேச்சே! அந்த மாதிரி சகவாசமே இல்லம்மா. நான் கியாரண்டி."

அடுத்து பேக்கரிக்காரர். "தும்பா ஒள்ளே ஹுடுகா", ரொம்ப நல்ல பையன், என்று கன்னடத்தில் நற்சான்று கொடுத்தார். ஒரே பையன், கடை சொந்தம், வீடு லீசு என்று தமிழில் சொத்து விவரமும் கொடுத்தார். கேட்காமலே ஒரு தேங்காய் பன்னும் கொடுத்தார். (லஞ்சம்!)

கூலிக்குப் பேசினால் ஒழிய இப்படி ஒரே குரலில் யாரும் ஒருவனைப் புகழ மாட்டார்கள். அதற்குப் பிறகு தெரு என்னை விசாரிக்க ஆரம்பித்தது. வீடு எது, அப்பாவுக்கு என்ன வேலை, பூர்வீகம் எங்கே (கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல்), கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர். கும்பல் என்னைப் பற்றித் தகவல் திரட்டுகிறது! பயத்தில் (கொஞ்சம் பெருமையிலும்தான்) எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால் தினேஷ். மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் அவன் அம்மா, கையில் தட்டு நிறையப் பழம். மிரட்ட வருகிறவர்கள் முதலில் மரியாதையாகத்தான் வருவார்கள் என்று கதவைப் பாதி சாத்தினேன்.

அந்த அம்மா என் தோளுக்கு மேலாக என் அம்மாவிடம் பேசினார். "உங்க பொண்ணு எங்க தெருவுல வந்து விசாரிச்சுதாமே? நாங்களும் கேஜிஎஃப்தான், ஆண்டர்சன்பேட்டை. அதான் நேராவே வந்துட்டோம்."

வருடக்கணக்கில் எனக்கு மாப்பிள்ளை தேடிச் சலித்திருந்த அம்மா, அதுவரை காட்டாத மரியாதையோடு என்னைப் பார்த்தார். "இன்னாடி யசோ, எங்கிட்ட சொல்லவே இல்ல?"

அப்போதுதான் விளங்கியது. நம் ஊரில் ஒரு பையனைப் பற்றி ஒரு பெண் தெருவில் விசாரித்தால் அதற்கு ஒரே காரணம்தான். இனி உண்மை ஒன்றே மானத்தைக் காப்பாற்றும் என்று நம்பி, "பவளம் திருடுறவர்னு நெனச்சுதான் விசாரிச்சேன்" என்றேன்.

(காப்பாற்றவில்லை.)

"திருடனா?" அந்த அம்மா தட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "இப்ப நீங்க வேணாம்னுட்டா தெருவுல இன்னா பேசுவாங்க? பொண்ணு வூட்ல விசாரிச்சாங்க, ஏதோ இருக்கு, வுட்டுட்டாங்கன்னு பேசுவாங்க. அப்புறம் எவ இவனுக்குப் பொண்ணு குடுப்பா?"

அதுவரை உள்ளுக்குள் அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு எனக்கு நின்றுவிட்டது. சந்தேகம் மட்டும் நிற்கவில்லை. "அப்போ முன்தொட்டியில பச்சையா இருக்கே, அது?"

தினேஷ் முதல்முறையாக வாயைத் திறந்தான். "ரப்பருங்க அது. வந்து கைய வுட்டுப் பாருங்க."

பழத்தட்டோடு எல்லோரும் ஊர்வலமாகக் கிளம்பினோம். தெருவே வேடிக்கை பார்க்க, முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு அழுத்தினேன். 'புளுக்' என்று காற்று வந்தது. ரப்பர்தான்.

பேரைக் கெடுத்தவளே துடைக்கவும் வேண்டும் என்றார் அம்மா. ஈரக் கையோடு இஸ்திரி அக்காவிடமும் பேக்கரிக்காரரிடமும் போய், இவர்மேல் ஒரு குறையும் இல்லை, தப்பெல்லாம் என்னுடையது என்று சொன்னேன்.

"பாத்தியா," என்றார் அக்கா பூரித்துப்போய், "கட்டிக்கப் போறவ இப்பவே எப்படித் தாங்குறா!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் யாரைப் பற்றிக் கேட்டாலும் அப்பா, "தட்டுல பழம் எடுத்து வைக்கவா?" என்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அன்று கடையில் தினேஷ் துண்டை நீட்டியபடி சொன்னதுதான் மண்டைக்குள் நிற்கிறது. "நெசப் பவளம் வேணுமான்னு ஒருத்தன் வந்தான். மும்பை சரக்குன்னான். எனக்கு வேணாம்னுட்டேன். சந்தாபுராவுல ஒரு கடையில வாங்குறாங்கன்னு பேச்சு."

வனத்துறைக்குப் போன் செய்தேன். எந்தக் கடை, சரக்கு எங்கே இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னால் வருவதாகச் சொன்னார்கள். தெரிந்துகொள்ள எங்களிடம் இருப்பது ஒரே வழி. "கல்யாண வயசுல பையன் இருக்கானான்னு கேட்டாப் போதும், பின்ரூம் வரைக்கும் கூட்டினு போய் காட்டுவாங்க" என்று அம்மாவே திட்டம் போட்டிருக்கிறார்.

வரும் ஞாயிறு சந்தாபுரா போகிறோம். நான் பெண், அம்மா அம்மாவாகவே, பவளத்தை அடையாளம் காட்ட தினேஷ் என் அண்ணனாக. இதைச் சொன்னதும் அவன், "அண்ணனாவா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "கண்டிப்பா அண்ணன்தானா?" என்று மறுபடியும் கேட்டான்.

எனக்கு அதில் ஏதோ சந்தேகம்.