ஐந்நூறு லிட்டர் கோடும் மாப்பிள்ளையின் கேள்வியும்

பீளமேடு,
12.12.1996

சிரஞ்சீவி மாப்பிள்ளை பாலகோபால் அவர்களுக்கு,

மாமனார் திருமலைசாமி மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும், உங்கள் அத்தை ராமாமணியும், பட்டறையில் பதினான்கு பேரும், சோதனைத் தொட்டியும் சௌக்கியம். சென்னையில் நீங்களும் வனஜாவும் உங்கள் தத்துவப் புத்தகங்களும் அவ்விதமே இருக்க அவிநாசியப்பர் அருள வேண்டும். வீட்டில் நாம் பேசுவது தெலுங்கு என்றாலும் கைக்கு வருவது தமிழ்தான் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். இது நன்றிக் கடிதம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நடுவில் படிக்கும்போது உங்களுக்கு அப்படித் தோன்றாமல் போகலாம்.

தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை என்ன செய்ய வேண்டும்? எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, அத்தை வைத்ததைச் சாப்பிட்டு, நாற்காலியில் சாய்ந்து தூங்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். என் மாமனார் கடைசி வரைக்கும் என்னைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. நீங்களோ பலகாரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பட்டறையப் பார்க்கலாமுங்களா மாமா?" என்று கேட்டீர்கள். காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவருக்கு நம் தொழிலில் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு மார்பு விரிந்துபோயிற்று. தண்ணீர் பம்பு செய்கிற எல்லாப் பட்டறையிலும் இருப்பதுதான் என்றாலும், நம் தொட்டியைத்தான் உங்களுக்கு முதலில் காட்டினேன். என் அப்பா கட்டிய சிமெண்டுத் தொட்டி. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அதில் தெரியும். குழாய்க்குப் பின்னால் சுவரில் ஐந்நூறு லிட்டருக்கு ஒரு காவிக் கோடு. பம்பை ஓட்டிவிட்டு, தண்ணீர் கோட்டுக்கு வர எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்போம். நம் பம்பு நிமிஷத்துக்கு முந்நூறு லிட்டர் தள்ளும். அதைத் தகட்டிலேயே அடித்து ஒட்டியிருக்கிறோம்.

நீங்கள் தகட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்: "இந்த முந்நூறு எங்க இருக்குதுங்க மாமா? பம்புக்குள்ளயா, தொட்டிக்குள்ளயா, கடிகாரத்துக்குள்ளயா?"

"பம்புலதானுங்க மாப்ளை. தகட்டுலயே போட்டிருக்கம் பாருங்க."

"சரிங்க. தொட்டி தப்பா இருந்தா, அது தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தொட்டி தப்பா இருக்காதுங்க. எங்கப்பா கட்டுனது."

அதற்கு நீங்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு விஷயம் தவறாக இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க ஒரு வழி திறந்திருக்க வேண்டும் என்றும், அந்த வழியை அடைத்துவிட்டு உண்மை என்று சொல்வது விஞ்ஞானம் ஆகாது, குடும்ப மரியாதைதான் ஆகும் என்றும் சொன்னீர்கள். பொருள் அங்கே தன்பாட்டுக்கு இருக்கிறது, அதைப் பற்றி நாம் சொல்கிற எண் அந்தப் பொருளும் நம் கருவியும் நம் கண்ணும் சேர்ந்து பெற்றது, ஆனாலும் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்ல முடியாது, எங்கேயாவது ஓரிடத்தில் அந்தப் பொருளே அப்படி இல்லை என்று மறுத்துவிடும் என்றும் சொன்னீர்கள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது எனக்கு ஏற்கெனவே இரண்டு தடவை இல்லை என்று சொல்லியிருந்தது. அதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையிடம் சொல்லுகிற சமாச்சாரமா அது?

இப்போது சொல்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு இரண்டு வருஷமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். முத்திரை இருந்தால்தான் விவசாயிக்குப் பாங்கியில் பம்புக்கு உதவி. முத்திரை இல்லாத பம்பை இனிமேல் யார் வாங்குவார்கள்? இரண்டு தடவையும் பம்பு திரும்பி வந்துவிட்டது. நாங்கள் சொன்னது முந்நூறு. ஆய்வுக்கூடத்தில் கண்டது முந்நூற்று முப்பது. சொன்னதும் கண்டதும் ஒத்துப்போகவில்லையாம். பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னதைவிட அழகாக இருக்கிறாள் என்று வேண்டாம் என்பார்களா? அங்கே தண்ணீர் அளக்கத் தெரியாதவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது தடவையும் திரும்பினால் பொங்கலோடு பட்டறையைப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். உங்கள் அத்தைக்குக்கூடத் தெரியாது.

நீங்கள் ரயில் ஏறிப் போனீர்கள், கேள்வி இங்கேயே தங்கிவிட்டது. தீபாவளியன்று மத்தியானம் இலைமுன் உட்கார்ந்து, பச்சை நிறம் இலையில் இருக்கிறதா கண்ணில் இருக்கிறதா என்று வேறு கேட்டீர்கள் அல்லவா, அதை உங்கள் அத்தை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நீங்கள் போன மூன்றாம் நாள் ரசத்தில் உப்பு இல்லை என்றேன். "உப்பு ரசத்துல இருக்குதுங்களா, நாக்குல இருக்குதுங்களா? மாப்ளைங்க சொன்னாப்புடி பார்த்தா கொறை உங்க நாக்குலதானுங்க" என்றாள். முப்பது வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை. நம் கடைசல்காரர் மாசாணம், இருபத்திரண்டு வருஷமாக நேரம் தவறாதவர், ஒருநாள் அரை மணி தாமதமாக வந்து, "அரை மணி லேட்டுங்கறது எந்தக் கடியாரத்த வெச்சுங்க மொதலாளி?" என்று தலையைச் சொறிந்தார். இதெல்லாம் நீங்கள் கொளுத்திப் போட்டதுதான்.

கடைசியில் பொறுக்க முடியாமல் தொட்டியை அளந்தே பார்த்துவிடுவது என்று இறங்கினேன். நீளம், அகலம், உயரம், பெருக்கினால் முடிந்தது என்று நினைத்தேன். நம் பட்டறை டேப்புக்கு முதல் அங்குலம் ஒடிந்துபோய்ப் பல காலம் ஆயிற்று, அளந்ததில் ஒன்றைக் கழிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் அளந்து ஒன்றைக் கழித்துச் சொன்னேன், மாசாணம் அதைக் கேட்டு ஒன்றைக் கழித்து எழுதினார், எழுதியதைப் பார்த்துப் பெருக்கிய நம் கணக்குப்பிள்ளை, நாங்கள் கழிக்க மறந்திருப்போம் என்று இன்னும் ஒன்றைக் கழித்தார். எங்கள் கணக்குப்படி அந்தத் தொட்டியில் ஓர் எருமைக் கன்றுகூட நிற்காது. டேப்பை வாங்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

பிறகுதான் பால் சொசைட்டி நினைவுக்கு வந்தது. அங்கே அரசாங்க முத்திரை குத்திய பத்து லிட்டர் அளவுப் பாத்திரம் ஒன்று இருக்கிறது. செயலாளர் சுந்தரராஜுலு உங்கள் அத்தைக்குப் பெரியப்பா மகன்; காலைப் பால் ஊற்றி முடிந்ததும் கொடுத்தார், சாயந்தரப் பாலுக்குள் திரும்பி வர வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். ஐம்பது தடவை ஊற்றினால் ஐந்நூறு. மாசாணம் ஊற்ற, உங்கள் அத்தை தடவைக்கு ஒரு புளியங்கொட்டையாகச் சொம்பில் போட்டு எண்ணினாள். முப்பத்தோராவது கொட்டையில் பக்கத்து வீட்டு அம்புஜம் வந்து, "ஏனுங்க ராமாமணியக்கா, தொட்டிக்குத் தண்ணி எண்ணியா ஊத்துவாங்க?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டாள். ராமாமணி அவளுக்கு உங்கள் தத்துவத்தை விளக்கத் தொடங்கினாள். விளக்கி முடித்தபோது கொட்டை விழுந்தது எத்தனை, ஊற்றியது எத்தனை என்று யாருக்கும் தெரியவில்லை. தொட்டியைத் திறந்துவிட்டு முதலிலிருந்து ஊற்றினோம். இந்தத் தடவை அம்புஜத்தையும் எண்ணச் சொல்லிவிட்டோம், அப்போதுதான் வாய் மூடியிருந்தாள்.

ஐம்பது முடிந்தது. தண்ணீர் காவிக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது மாப்பிள்ளை. என் அப்பாவின் தொட்டி தப்பு. நான் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் இறந்த அன்றுகூட அப்படி உட்காரவில்லை. மாசாணம்தான் குழாய்க்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்த்து, தண்ணீர் நின்ற இடத்தில் சுண்ணாம்பை உளியால் மெல்லச் சுரண்டினார். பொறுக்கு பொறுக்காக உதிர்ந்தது. உள்ளே ஒரு கோடு. அதற்கு அரை விரல் மேலே சுரண்டினால் இன்னொரு கோடு, அதற்கு மேலே இன்னொன்று, இப்படி எட்டுக் கோடு. எல்லாவற்றுக்கும் அடியில், தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மயிரிழை பிசகாமல், சிமெண்டில் உளி வைத்து வெட்டிய ஒரு கீறல். அது என் அப்பா வெட்டியது.

"மொதலாளி, இது ஆயுத பூசைப் பொட்டுங்க" என்றார் மாசாணம். "கோட்டு மேல பட்டுப்போடக் கூடாதுன்னு நீங்க வருசா வருசம் அரை வெரல் மேல மஞ்சள் வெப்பீங்கல்லொ? அடுத்த வருசம் பூசைக்கு மின்ன வெள்ளையடிக்கறாங்க. காவி மறஞ்சுபோயிருது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா செவக்குமில்லீங்க? வெள்ளையடிக்கறவன் செவப்பாத் தெரியறதுதான் கோடுன்னு அதும்மேலயே கோடு இழுத்துப்போடறான். நீங்க அதுக்கும் மேல பொட்டு வெக்கறீங்க."

பழைய வெள்ளையடிக்கும் ஆளுக்கு அப்பாவின் கீறல் தெரியும். அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. எட்டு வருஷமாக நம் பட்டறையில் ஐந்நூறு லிட்டர் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தொட்டி நிரம்ப நேரம் அதிகம் ஆக ஆக, பம்பு இளைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். மாசாணத்தின் கடைசல் சரியில்லை என்று ஒவ்வொரு வருஷமும் திட்டினேன், உள்ளே சுழலும் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி இழுத்துப் பிடித்து முந்நூறுக்கே கொண்டுவந்தேன். உண்மையில் அது முந்நூற்று முப்பது. ஆய்வுக்கூடத்துக்காரர்கள் சரி. நான் பக்தியாக வைத்த பொட்டுதான் தப்பு.

பதினான்கு பேர் முன்னால் மாசாணத்தின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளாமல், "பரவால்லீங்க. வயசாச்சு, கை தளந்துபோச்சாட்ட இருக்குதுன்னு நானும் எட்டு வருசமா நெனச்சுப்போட்டேன். ஊட்லகூடச் சொல்லலீங்க. கை நல்லாத்தான் இருக்குது பாருங்க" என்று விரலை மடக்கி நீட்டிக் காட்டினார். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

தகட்டில் முந்நூற்று முப்பது என்று அடித்து மூன்றாவது தடவை அனுப்பினோம். போன வாரம் தேறிவிட்டது என்று தகவல் வந்தது, உரிமப் பத்திரம் தபாலில் வருகிறதாம். பட்டறையைப் பூட்ட வேண்டியதில்லை மாப்பிள்ளை. இதில் ஒரே ஒருவருக்குத்தான் வருத்தம். பெருந்துறை வெங்கடபதி நம்மிடம் பழைய பம்பு ஒன்றும் புதுப் பம்பு ஒன்றும் வாங்கியவர். இரண்டும் ஒரே அச்சு, ஒரே தண்ணீர். அவர் நேரிலேயே வந்துவிட்டார். "மின்னயெல்லாம் போட்டதுக்கு மேல தண்ணி குடுத்தீங்க. இப்பப் போட்டது எவ்வளவோ அவ்வளவேதான் வருதுங்க. பம்பு முன்னாட்ட இல்லீங்க" என்கிறார். பொருள் மாறவில்லை, நாம் அதைப் பற்றிச் சொன்னதுதான் மாறியது என்று உங்கள் மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு விளக்கினேன். தண்ணீரைப் பார்க்காமல் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அவரை ஒருநாள் உங்களிடம் அனுப்பிவைக்கிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. உங்கள் தத்துவத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அப்பா செய்தது தப்பாக இருக்காது என்று நான் வாயை அடைத்துக்கொண்டிருந்த வரையில், தொட்டியும் தப்பு, மாசாணமும் தப்பு, ஆய்வுக்கூடமும் தப்பு. தப்பாக இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டு ஐம்பது தடவை ஊற்றிப் பார்த்த பிறகுதான் அப்பா மயிரிழைகூடத் தவறவில்லை என்று தெரிந்தது. நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பலகாரம் சாப்பிட்டுத் தூங்கியிருந்தால் எனக்கு அப்பாவும் திரும்பக் கிடைத்திருக்க மாட்டார், பட்டறையும் மிஞ்சியிருக்காது. உங்களை மாப்பிள்ளையாகப் பெற்றது என் பெண் செய்த புண்ணியம் என்று இதுவரை சொல்லிவந்தேன். நான் செய்த புண்ணியம் என்று திருத்திக்கொள்கிறேன்.

இனி அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பும் இல்லை, பொட்டும் இல்லை, சாமி கும்பிடுகிறவர்கள் எட்ட நின்று கும்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

வனஜாவுக்கு என் ஆசிகள். சம்பந்தி அவர்களுக்கும் அம்மாவுக்கும் எங்கள் வணக்கத்தைச் சேர்ப்பிக்கவும். உங்கள் அத்தை முறுக்கு அனுப்புகிறாள், உப்பைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம் என்கிறாள்.

என்றும் நன்றி மறவாத மாமனார்,
திருமலைசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தபால்காரர் உரிமப் பத்திரத்தையே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரத்தைத் தொட்டியின்மேல் வைத்துத் தேங்காய் உடைத்தோம், சூடம் காட்டினோம், அப்பா நினைவு வந்து கண் மறைத்தது, கையில் மஞ்சள் இருந்தது. அவர் வெட்டிய கோட்டின்மேல் பட்டுவிடக் கூடாது என்று அரை விரல் மேலே ஒரு பொட்டு வைத்துவிட்டேன். மாசாணம் "மொதலாளி" என்று கூப்பிட்டபோதுதான் உறைத்தது. துடைக்கப் போனேன், உங்கள் அத்தை, "வெச்ச பொட்டத் தொடைக்கறதுங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள், உண்மையைச் சொன்னால் எனக்கும் மனம் வரவில்லை. பொங்கலுக்குப் பட்டறை முழுக்க வெள்ளையடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது; அந்தச் சுவரை விட்டுவிடு என்றாலும், சிவப்பைக் கண்டால் அவன் கோடு இழுக்காமல் விடமாட்டான். ஆகவே நீங்கள் போகிக்கு இரண்டு நாள் முன்னாடியே புறப்பட்டு வந்து, அந்தக் கேள்வியை இன்னொரு தடவை என்னிடம் கேட்டுவிட வேண்டும்.